அஞ்சு மீட்டர் தள்ளி நில்லு பாஸ்!



இன்டர்னல், அரியர், அட்டெண்டன்ஸ்னு மண்டை காய்ஞ்சு கிடக்கிறவங்க எல்லாம் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைங்க. இந்த வாரம் நாம ஊர் சுத்தப் போற இடத்துல டீக்கடை கிடையாது, பஸ் ஸ்டாண்ட் கிடையாது, மரம்னு ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா பென்குயின் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கு. யெஸ்... அண்டார்க்டிகா!

'ஜோக் அடிக்காதீங்க, எங்க ஹாஸ்டல்ல இருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகவே காசு இல்லை'ன்னு முணுமுணுக்கிறது காதுல விழுது. இருக்கட்டும். கற்பனையில ஏறிக்க டிக்கெட் எதுக்கு? அங்கே போற கப்பலில் என்ன நடக்குது, கரையில இறக்கிவிட்டா என்ன பண்ணலாம், என்ன பண்ணக் கூடாதுன்னு பார்த்துட்டு வந்துடலாம். இதுல 'கூடாது' லிஸ்ட்தான் நீளம். உங்க காலேஜ் டிசிப்ளின் கமிட்டியே தோத்துடும்!

கிளம்புற ஊர் உஷுவாயா

அண்டார்க்டிகா போற டூரிஸ்ட் கப்பல்களில் பெரும்பாலானவை கிளம்புறது அர்ஜென்டினாவோட தெற்கு முனையில இருக்கிற உஷுவாயாங்கிற ஊரில் இருந்துதான். அங்கே இருந்து ட்ரேக் ஜலசந்தியைத் தாண்டணும். சுமார் 800 கிலோமீட்டர் அகலம். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். கடல் நல்ல மூட்ல இருந்தா 'ட்ரேக் லேக்', அதாவது ஏரி மாதிரி அமைதி. மூட் அவுட்னா 'ட்ரேக் ஷேக்'. அப்ப டைனிங் ஹால்ல பாதி சீட் காலியா இருக்கும். மீதிப் பேர் ரூமுக்குள்ள பக்கெட்டோட குடும்பம் நடத்திட்டு இருப்பாங்க.

சீஸன் அக்டோபர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும். அங்கே அதுதான் கோடைக்காலம். கோடைன்னதும் நம்ம ஊர் கத்திரி வெயிலை நினைக்காதீங்க. கப்பல்கள் போற அண்டார்க்டிகா தீபகற்பப் பகுதியில கோடையில வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைச் சுத்தியே விளையாடும். காத்து அடிச்சா அதைவிடக் குளிரும். ஒரே ஒரு தடி ஸ்வெட்டரைப் போட்டுட்டு சமாளிக்க முடியாது. உள்ளே உடம்போட ஒட்டுற தெர்மல், அதுக்கு மேல கம்பளி, அதுக்கும் மேல தண்ணி, காத்து புகாத ஜாக்கெட்டுன்னு அடுக்கடுக்கா போடணும். காட்டன் சுத்தமா வேண்டாம். நனைஞ்சா சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். கால் நனைஞ்சவன் கதி அதோ கதிதான்.

பாக்கெட்டைக் காட்டு!

ரெண்டு நாள் ஆட்டம் முடிஞ்சு தூரத்துல முதல் பனிப்பாறை தெரியுது. எல்லாரும் கேமராவும் கையுமா நிக்கிறோம். அப்பதான் ஒரு சோதனை நடக்கும். பரீட்சை ஹாலில் பிட் தேடுவாங்களே, அதே ரேஞ்ச். ஆனா இவங்க தேடுறது விதை!

ஜாக்கெட் பாக்கெட், பேன்ட் மடிப்பு, கேமரா பை, ஷூ அடியில இருக்கிற பள்ளம், பட்டையா ஒட்டிப் பிரியுமே அந்த வெல்க்ரோ... எல்லாத்தையும் வாக்குவம் க்ளீனர் போட்டு உறிஞ்சுவாங்க. சின்ன இடுக்கியால நோண்டுவாங்க. ஒவ்வொரு தடவை கரைக்குப் போகும்போதும், திரும்பி வரும்போதும் பூட்ஸை கிருமிநாசினித் தண்ணியில முக்கி எடுக்கணும்.

'ஒரு புல் விதைக்கா இவ்ளோ பில்டப்?'

ஆமா. அண்டார்க்டிகாவுல இயற்கையா வளர்ற பூக்கும் தாவரம் மொத்தமே ரெண்டுதான். ஒண்ணு ஒரு வகைப் புல், இன்னொண்ணு பேர்ல்வொர்ட்னு பாசி மாதிரி தரையோட ஒட்டிக் கிடக்குற செடி. அங்கே போறவங்க துணியையும் பையையும் உறிஞ்சிப் பார்த்து விஞ்ஞானிகள் ஒரு கணக்கு எடுத்தாங்க. 2012-ல் வெளியான அந்த ஆய்வுப்படி, விதையைச் சுமந்துட்டு வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சராசரியா 9.5 விதை! யாரும் வேணும்னு கொண்டு போகலை. போன மாசம் வேற எங்கேயோ மலை ஏறப் போட்ட அதே ஷூ, அதே பை. அவ்ளோதான். கிங் ஜார்ஜ் தீவுல வெளியூர்ப் புல் ஒண்ணு ஏற்கெனவே முளைச்சு, அதைப் பிடுங்கி எறிய விஞ்ஞானிகள் படாத பாடு பட்டிருக்காங்க.

ரப்பர் போட்டுல ஒரு சவாரி

டூரிஸ்ட் இறங்குற கரையில ஜெட்டி கிடையாது. கப்பல் தள்ளி நிக்கும். ஸோடியாக்னு சொல்ற காத்தடிச்ச ரப்பர் மோட்டார் போட்டுல பத்துப் பத்துப் பேரா கூட்டிட்டுப் போவாங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளங்கையைப் பிடிச்சு ஹேண்ட்ஷேக் பண்ணினா போச்சு, வழுக்கிடும். ஆளுக்கு ஆள் முன்னங்கையைப் பிடிக்கணும். கரையை நெருங்கினதும் போட் ஓரமா உட்கார்ந்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, முட்டிக்குக் கீழே இருக்கிற ஐஸ் தண்ணியில இறங்கி நடக்கணும். முட்டி வரைக்கும் இருக்கிற ரப்பர் பூட்ஸ் எதுக்குன்னு அப்பதான் புரியும்.

இறங்குற இடத்துல ரூல்ஸ் ஆரம்பம். ஒரு இடத்துல ஒரு நேரத்துக்கு ஒரு கப்பல்தான். கரையில ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். 500 பேருக்கு மேல ஏத்திட்டு வர்ற பெரிய கப்பலா இருந்தா கரையில இறங்கவே கூடாது, கப்பல்ல இருந்தபடியே பார்த்துட்டுத் திரும்பணும். 2009-ல் அண்டார்க்டிகா ஒப்பந்த நாடுகளோட கூட்டத்துல எடுத்த முடிவு இது. கப்பல் கம்பெனிகள் 1991-ல் சேர்ந்து ஆரம்பிச்ச 'ஐயாட்டோ'ங்கிற சங்கமும் தன் உறுப்பினர்களை இப்படித்தான் நடத்துது.

அதனால 200 பேர் வந்த கப்பல்னா பாதிப் பேர் கரையில, மீதிப் பேர் போட்டுல பனிப்பாறைகளைச் சுத்திட்டு இருப்பாங்க. அப்புறம் மாத்திக்கணும். கரையில கிடைக்கிறது ஒரு மணி நேரம், மிஞ்சினா ஒண்ணரை மணி நேரம். அதுக்குள்ள தின்பண்டம் கூடாது, பாத்ரூம் கிடையாது. கப்பல்லயே எல்லாத்தையும் முடிச்சுட்டு வரணும். ஒரு கூழாங்கல், ஒரு இறகு, ஒரு எலும்புத் துண்டுகூட ஞாபகார்த்தமா எடுக்கக் கூடாது.

அந்த அஞ்சு மீட்டர்

இறங்கின உடனே முதல்ல வர்றது காட்சி இல்லை, வாசனை! பல ஆயிரம் பென்குயின் ஒரே இடத்துல சாப்பிட்டு அங்கேயே கழிச்சா எப்படி இருக்கும்? மூக்கு ஒரு பத்து நிமிஷம் போராடிட்டு அப்புறம் சரண்டர் ஆயிடும்.

அதுக்கப்புறம்தான் கண்ணு வேலை செய்யும். தலையில வெள்ளைப் பட்டை, ஆரஞ்சு மூக்கோட இருக்கிறது ஜென்டூ. தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார் மாதிரி கறுப்புக் கோடு போட்டது சின்ஸ்ட்ராப். கண்ணைச் சுத்தி வெள்ளை வளையத்தோட முறைக்கிறது அடிலி. சினிமாவுல பார்க்கிற உசரமான எம்பரர் பென்குயினை இந்த ரூட்ல சாதாரணமாப் பார்க்க முடியாது.

ஜென்டூவோட வீடு கூழாங்கல்லால கட்டினது. நல்ல கல்லுக்கு அங்கே ஏக கிராக்கி. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பினா போதும், இந்தப் பக்கம் ஒருத்தர் கல்லைக் கவ்விட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நடந்து போவார். லேப்ல கால்குலேட்டர் சுடுறவன் நடையேதான்!

பார்த்தா கிட்டப் போய்த் தூக்கிக் கொஞ்சணும் போல இருக்கும். அங்கேதான் பிரேக். எந்தப் பறவைக்கும் விலங்குக்கும் குறைஞ்சது 5 மீட்டர் தள்ளி நிக்கணும். ஃபர் சீலுக்கு 15 மீட்டர். அது கோபம் வந்தா துரத்திக் கடிக்கிற ஆசாமி.

'பென்குயின்தான் பயப்படவே இல்லையே, கிட்டப் போனா என்ன?' நியாயமான கேள்வி. தரையில பென்குயினை வேட்டையாடுற பெரிய மிருகம் அங்கே கிடையாது. அதோட எதிரிகள் கடலில் இருக்கு, வானத்துல இருக்கு. ரெண்டு காலில் நடந்து வர்றவனைப் பார்த்து ஓடணும்னு அதுக்குத் தெரியாது. ஓடலைங்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்லை.

விஞ்ஞானிகள் இதுக்கு ஒரு செம ஐடியா பண்ணினாங்க. செயற்கை முட்டைக்குள்ள கருவியைப் பொருத்தி, கூட்டுல மத்த முட்டையோட வச்சு, அடைகாக்கிற பென்குயினோட இதயத் துடிப்பை அளந்தாங்க. மெதுவா, சத்தமில்லாம, கவனமா வர்ற ஆளால ஜென்டூவுக்குப் பெரிய பாதிப்பு இல்லைன்னு 1995-ல் வந்த ஒரு ஆய்வு சொல்லுச்சு. வேற சில பென்குயின் வகைகளில் எடுத்த கணக்கு வேற மாதிரி. வெளியே சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும், உள்ளே துடிப்பு எகிறிட்டு இருக்கும். வைவா ஹாலுக்கு வெளியே நிக்கிற நம்ம பசங்க மாதிரியேதான். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு வில்லனும் இருக்கு. ஸ்குவான்னு ஒரு பழுப்புப் பறவை. கூட்டத்து மேலயே ரோந்து சுத்திட்டு இருக்கும். யாரோ ஒருத்தர் போட்டோவுக்காக நாலு எட்டு கூடுதலா வைக்கிறார்னு வச்சுக்கோங்க. அடைகாக்கிற பென்குயின் ஒரு நொடி எழுந்து விலகுது. ஸ்குவாவுக்கு அந்த ஒரு நொடி போதும். முட்டை போயாச்சு. போட்டோ எடுத்தவர் 'வாவ், ஆக்‌ஷன் ஷாட்!'னு நினைச்சுக்குவார்.

பிப்ரவரி, மார்ச்சில் போனா வேற சீன். பெரிய பென்குயின்கள் இறகு உதிர்த்துட்டு, கிழிஞ்ச தலகாணி மாதிரி பரிதாபமா நின்னுட்டு இருக்கும். புது இறகு முளைக்கிற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் தண்ணிக்குள்ள போக முடியாது. தண்ணிக்குள்ள போகலைன்னா சாப்பாடு கிடையாது. சேர்த்து வச்ச கொழுப்புதான் ரேஷன். அந்த நேரத்துல நாம பக்கத்துல போய் அதை நாலு அடி நடக்க வச்சா, அந்த நாலு அடிக்கான கொழுப்பு அதோட கணக்குல இருந்து கழியுது.

குழியை மூடிட்டுப் போ!

பென்குயினுக்கு ரோடும் உண்டு. கூட்டில் இருந்து கடலுக்கு, கடலில் இருந்து கூட்டுக்குன்னு நடந்து நடந்து பனியில பள்ளமா ஒரு பாதை விழுந்திருக்கும். 'பென்குயின் ஹைவே'ன்னே பேரு. அதுல அதுங்களுக்குத்தான் முதல் உரிமை. வரிசையா வந்தா நாம நின்னு வழி விடணும். நடு ரோட்டுல ஒண்ணு நின்னு யோசிச்சுட்டு இருந்தா, அது யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நாமும் நிக்கணும். ஹார்ன் கிடையாது!

எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் இன்னொண்ணு. நாம நடக்கும்போது கால் பனிக்குள்ள புதைஞ்சு முட்டி ஆழத்துக்குக் குழி விழும். அப்படியே போயிடக் கூடாது. திரும்பிக் குனிஞ்சு அந்தக் குழியைப் பனியால நிரப்பிட்டுப் போகணும். ஏன்னா குட்டைக் காலோட வர்ற பென்குயின் அதுக்குள்ள விழுந்தா வெளியே ஏற முடியாம மாட்டிக்கும். உங்களுக்கு அது ஒரு காலடித் தடம். அதுக்கு அது கிணறு.

வால் காட்டும் ஆசாமி

கரையில மட்டும்தான் ஷோன்னு நினைக்காதீங்க. பிப்ரவரி, மார்ச்சில் தீபகற்பத்தை ஒட்டின விரிகுடாக்களில் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கூட்டமா மேயும். இறால் மாதிரி இருக்கிற க்ரில்லுதான் சாப்பாடு. ஒண்ணு ரெண்டு திமிங்கிலம் சேர்ந்து தண்ணிக்கு அடியில வட்டமா காத்துக் குமிழி விட்டுட்டே வரும். க்ரில் கூட்டம் அந்தக் குமிழி வலைக்குள்ள மாட்டிக்கும். அடுத்த நிமிஷம் கீழே இருந்து வாயை அகலத் திறந்துட்டு மேல வருவாங்க பாருங்க... போட்டுல இருக்கிற பத்துப் பேருக்கும் வாய் அதே சைஸுக்குத் திறந்துடும்!

இங்கேயும் அதே கதைதான். திமிங்கிலத்தைப் பார்த்ததும் விரட்டிட்டுப் போகக் கூடாது. போட்டை மெதுவாக்கி தள்ளி நிறுத்திடுவாங்க. கிட்ட வரணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது திமிங்கிலம்.

இங்கே டூரிஸ்ட்டோட கேமராவுக்கு உருப்படியான ஒரு வேலையும் இருக்கு. ஹம்ப்பேக் முங்கும்போது தூக்கிக் காட்டுற வாலோட அடிப்பக்கம், நம்ம கைரேகை மாதிரி. ஒண்ணுக்கு இருக்கிற கறுப்பு வெள்ளை டிசைன் இன்னொண்ணுக்கு இருக்காது. 'ஹேப்பிவேல்'னு ஒரு திட்டத்துக்கு அந்த போட்டோவை அனுப்பினா, கம்ப்யூட்டர் பழைய போட்டோக்களோட ஒப்பிட்டு அது எந்தத் திமிங்கிலம்னு தேடிச் சொல்லும். இந்தப் பக்கம் மேயுற ஹம்ப்பேக்குகள் குட்டி போடுறதுக்கு கொலம்பியா, பனாமா, கோஸ்டாரிகா கடல் வரைக்கும் போறது இப்படி வால் போட்டோக்களை ஒப்பிட்டும் உறுதியாகி இருக்கு. நடுவுல பூமத்திய ரேகையையே தாண்டுதுங்க, பாஸ்போர்ட்டும் இல்லாம!

துருப்பிடிச்ச தொட்டிகள்

இந்தக் கரையில இறங்கின முதல் மனுஷங்க நாம இல்லை. தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளை 1819-ல் பார்த்தாங்க. செய்தி பரவின சில வருஷத்துக்குள்ள, லட்சக்கணக்கான ஃபர் சீல்களைத் தோலுக்காக அடிச்சு, அந்தத் தீவுகளில் கிட்டத்தட்ட இல்லாமலே பண்ணிட்டாங்க. அடுத்தது திமிங்கிலம். டிசெப்ஷன் தீவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு எரிமலையோட வாய்க்குள்ள கடல் புகுந்த இடம். குறுகலான வாசல் வழியா கப்பலே எரிமலைக்குள்ள நுழையும்! அங்கே 1912-ல் இருந்து 1931 வரைக்கும் நார்வேக்காரங்க திமிங்கிலத்தைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தாங்க. அந்தப் பிரமாண்டமான கொப்பரைகளும் தொட்டிகளும் துருப்பிடிச்சு இன்னைக்கும் கறுப்பு மணலில் நிக்குது. டூரிஸ்ட் இறங்குற முக்கியமான இடங்களில் அதுவும் ஒண்ணு. அந்த எரிமலை இன்னும் ஓயலை. 1967, 1969, 1970-ல் வெடிச்சு அங்கிருந்த ஆராய்ச்சி நிலையங்களைக் காலி பண்ணிடுச்சு.

முன்னாடி இறங்கினவங்க எல்லாம் எடுத்துட்டுப் போக வந்தவங்க. 1966-ல் லார்ஸ் எரிக் லிண்ட்ப்ளாட்ங்கிறவர் பயணிகளைக் கூட்டிட்டு வந்தார். வழிகாட்டிகளோட கரையில இறங்கி, கத்துக்கிட்டுத் திரும்புற இந்த ஸ்டைல் அவர் போட்ட ரூட். இதைக் கண்ணால பார்த்தவங்கதான் இதைக் காப்பாத்த நிப்பாங்கங்கிறது அவரோட நம்பிக்கை.

2023-க்கு அப்புறம்...

கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் இந்த டூர்ல ஒரு ஹைலைட் உண்டு. நீங்க பனியில சும்மா உட்கார்ந்தா போதும். ஆர்வக்கோளாறு பிடிச்ச பென்குயின் குஞ்சு ஒண்ணு தானா நடந்து வந்து உங்க பூட்ஸைக் கொத்திப் பார்க்கும். சட்டப்படி தப்பில்லை. வந்தது அதுதானே!

இப்ப உட்காரவே கூடாது. முட்டி போடக் கூடாது, படுத்து போட்டோ எடுக்கக் கூடாது, பையைக்கூடத் தரையில வைக்கக் கூடாது. தரையில படறது கிருமிநாசினியில முக்கின பூட்ஸ் மட்டும்தான்.

காரணம் பறவைக் காய்ச்சல். எச்5என்1 வைரஸ் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டின பேர்ட் தீவுல ஸ்குவாக்களில் கண்டுபிடிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா நிலப்பகுதிக்கே வந்தது உறுதியாச்சு. கொண்டு வந்தது டூரிஸ்ட் கிடையாது, பறந்து வர்ற பறவைகள்தான்னு கருதுறாங்க. ஆனா ஒரு கூட்டத்துல இருந்து அடுத்த கூட்டத்துக்கு, பூட்ஸ் அடியில ஒட்டின எச்சத்தோட நாமளே கூரியர் சர்வீஸ் பண்ணிடக் கூடாதே!

பேருதான் பறவைக் காய்ச்சல். சீல்களையும் விடலை. 2023-ல் அர்ஜென்டினாவோட வால்டெஸ் தீபகற்பத்துல 17,000-க்கும் மேல யானை சீல் குட்டிகள் செத்துப்போச்சு. அந்த வருஷம் பிறந்ததுல கிட்டத்தட்ட எல்லாமே. தெற்கு ஜார்ஜியாவில் ட்ரோன் விட்டு எண்ணினப்ப, 2022-ல் குட்டி போட வந்த பெண் யானை சீல்களில் சுமார் பாதி 2024-ல் வரலை.

அதனால இப்ப பயணிகளுக்கு முன்னாடி வழிகாட்டிகள் போய்ப் பார்ப்பாங்க. செத்த பறவைகள் கிடக்குதா? கழுத்தை முறுக்கிட்டு, தள்ளாடிட்டு ஏதாவது நிக்குதா? சந்தேகம் வந்தா அன்னைக்கு லேண்டிங் கேன்சல். பல லட்சம் கொடுத்து வந்திருந்தாலும் கப்பல்ல இருந்து டாட்டா காட்டிட்டுப் போக வேண்டியதுதான்.

போறதே தப்போ?

இப்ப கொஞ்சம் சீரியஸ். 1990-களோட தொடக்கத்துல ஒரு சீஸனுக்கு அங்கே போன டூரிஸ்ட் 10 ஆயிரத்தைத் தாண்டலை. 2023-24 சீஸனில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல! எல்லாரும் கரையில இறங்கலைதான். மூணுல ஒருத்தர் கப்பல்ல இருந்தே பார்த்துட்டுத் திரும்பினவங்க. ஆனா கப்பல் புகை எல்லாருக்கும் பொதுவாச்சே. எரியுற எண்ணெயில இருந்து வர்ற கரித்தூள் பனி மேல படியும். கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும், பனி சீக்கிரம் உருகும். 2016-ல் இருந்து 2020 வரைக்கும் எடுத்த கணக்கை வச்சு 2022-ல் ஒரு ஆய்வு வந்தது. அதுப்படி ஒரு டூரிஸ்ட் போய் வர்றதால உருகுற பனி சுமார் 83 டன். ஒரு ஆளுக்கு!

அப்ப லிண்ட்ப்ளாட் சொன்னது? அதுலயும் உண்மை இருக்கு. கனமான எரிஎண்ணெயை அந்தக் கடலில் கப்பல்கள் பயன்படுத்தவும் ஏத்திட்டுப் போகவும் 2011-ல் தடை வந்தது. போர்ட் லாக்ராய்ங்கிற இடத்துல 1944-ல் பிரிட்டன் கட்டின பழைய நிலையம் இப்ப மியூசியமும் போஸ்ட் ஆபீஸும். அந்தக் குட்டித் தீவுல ஒரு பாதி மட்டும்தான் டூரிஸ்ட்டுக்கு. இன்னொரு பாதியில யாரும் போகாம விட்டுட்டு, ரெண்டு பக்கத்து ஜென்டூக்களையும் வருஷா வருஷம் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. நம்ம வருகையால என்ன ஆகுதுன்னு நம்ம மேலயே வைக்கிற டெஸ்ட்!

என்னைக் கேட்டா, அங்கே 'ஒரு தடவையாவது போயே தீரணும்'னு எந்தக் கட்டாயமும் இல்லை. போறவங்க சின்னக் கப்பலா, ரூல்ஸை ஒழுங்கா மதிக்கிறதா பார்த்துப் போகட்டும். நாம போகாம இருக்கிறதால அந்தப் பென்குயினுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

வேற வழி இருக்கு மச்சி!

நிஜமாவே போகணும்னு வெறி இருக்கா? டூரிஸ்ட்டா போறது மட்டும்தான் வழின்னு யார் சொன்னது? இந்தியாவும் 1983-ல் அண்டார்க்டிகா ஒப்பந்தத்துல சேர்ந்த நாடுதான். மைத்ரி, பாரதின்னு ரெண்டு ஆராய்ச்சி நிலையங்கள் அங்கே இருக்கு. டூரிஸ்ட் கப்பல் போற தீபகற்பத்துல இல்லை, அந்தக் கண்டத்தோட கிழக்குப் பக்கத்துல. இதையெல்லாம் கவனிச்சுக்கிறது கோவாவுல இருக்கிற தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம். விஞ்ஞானிகள் மட்டும் இல்லை, டாக்டர், இன்ஜினீயர், மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், சமையல்காரர்னு எல்லாரும் அந்தக் குழுவுல உண்டு. ஜியாலஜி, மரைன் பயாலஜி, மெக்கானிக்கல் படிக்கிறவங்க இந்தப் பேரை நோட் பண்ணி வச்சுக்கோங்க. அங்கே போனாலும் நம்ம ஆளுங்களுக்கு ரூல்ஸ் உண்டு. 2022-ல் பார்லிமென்ட்டே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டிருக்கு.

சரி, நம்ம ஸோடியாக் திரும்பக் கிளம்பப் போகுது. கடைசி பத்து நிமிஷம். கேமராவைப் பைக்குள்ள வச்சுட்டு சும்மா நிக்கிறீங்க. ஒரு ஜென்டூ குஞ்சு, புசுபுசுன்னு சாம்பல் கலர் ரோமத்தோட, உங்களைப் பார்த்துட்டு நேரா நடந்து வருது. பத்து மீட்டர்... எட்டு... ஆறு... கையில தூக்கிடலாம் போல இருக்கு. வழிகாட்டி லேசா கையைக் காட்டுறார்.

நீங்க ஒரு எட்டு பின்னால வைக்கிறீங்க. அது ஒரு எட்டு முன்னால வைக்குது. நீங்க இன்னொரு எட்டு பின்னால. அதுக்கு இந்த விளையாட்டு பிடிச்சுப் போச்சு போல. பூட்ஸ் தண்ணியைத் தொடுற வரைக்கும் உங்களைத் துரத்திட்டு வந்து, நின்னு ஒரு தடவை தலையைச் சாய்ச்சுப் பார்த்துட்டு, அம்மா வந்துடுச்சான்னு தேடித் திரும்பி ஓடுது.

போட்டுல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். பின்னால வச்ச அந்த எட்டுல எல்லாம் குழி விழுந்திருக்கும் பாருங்க. போய் மூடிட்டு வாங்க!

அடுத்த வாரம் வேற ஊர்ல சந்திப்போம். டாட்டா!